ஊசி பற்றி நீ கேட்டது

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. மாரடைப்புக்கு அப்புறம் நீ இவ்வளவு எழுதியதே எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்காலம் மழை. செம்பனைக் காட்டில் பழம் வெட்டுகிறவர்கள் மதியத்துக்குள் கரையேறிவிடுகிறார்கள்.

இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்குப் போடும் ஓசெம்பிக் ஊசி உனக்கு ஆகுமா, தங்கச்சியின் மறதிக்கு உதவுமா என்று கேட்டிருந்தாய். அதில் இருக்கும் மருந்தின் பெயர் செமாகுளுட்டைடு. உனக்கு ஒரு பதில், தங்கச்சிக்கு வேறு பதில்.

உனக்கு இனிப்பு நீரும் உண்டு, இதய அடைப்பும் உண்டு. டாக்டரிடம் கட்டாயம் கேள். 2016இல் வெளிவந்த ஆய்வில், இனிப்பு நீர் உள்ள 3,297 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். உயிரைப் பறிக்காத பக்கவாதம் வந்தது, இந்த மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு 1.6, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 2.7. ஆனால் விழித்திரைக் கோளாறு மருந்து போட்டவர்களுக்குத்தான் கூடுதல். அதனால் முதலில் கண்ணைக் காட்டிவிடு. இன்சுலினும் போடுகிறாய் என்பதால் சர்க்கரை சட்டென இறங்கலாம்; அளவை டாக்டர் மாற்றித் தர வேண்டும்.

நானும் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறேன். பேனா மாதிரிதான். தொப்புளைவிட்டுத் தள்ளிக் குத்தி, பேனாவில் தெரியும் அளவு எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஆறு வரை நிதானமாக எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸராக இருந்தபோது கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்த கைக்கு இது எவ்வளவு சுலபம்! முதல் மாதம் குமட்டும். எண்ணெய்ப் பலகாரத்தைத் தள்ளி வை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. புதுப் பேனா ஐஸ்பெட்டியில் இருக்கட்டும், உறையவிடாதே.

தங்கச்சியின் மறதிக்கு இது வேண்டாம், முத்து. நானும் ஆசையோடுதான் எதிர்பார்த்திருந்தேன். ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர்களுக்கு இதே செமாகுளுட்டைடை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2025 நவம்பரில் வந்தது. நோயின் வேகம் குறையவில்லை. இதற்காக யாரோ வாட்ஸ்அப்பில் விற்கும் ஊசியை வாங்கிவிடாதே. அவளுக்குப் பசி வேறு குறைந்துவிட்டது என்கிறாய். இதைப் போட்டால் இருக்கிற உடம்பும் வற்றிப்போகும். பிரஷரையும் காதையும் பரிசோதிக்கச் சொல். காது மந்தமானால் மறதி போலவே தெரியும்.

ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கும் தேதி தெரிந்ததும் போன் பண்ணு. பஸ் ஏறிக் கிள்ளான் வந்துவிடுகிறேன், சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
சுப்பிரமணியம்