ஆறு நாள் அடைப்பு, ஏழாம் நாள் நீச்சலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள், சுட்ட பறவையை நீரிலிருந்து கவ்வி வரும் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் நாய்களை வேட்டைக் காலத்துக்குப் பல வாரங்கள் முன்பே தயார்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். நாம் வாத்துச் சுடப் போவதில்லை. பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றிச் சுடுவது மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அதே நாய்களைத்தான் கோலாலம்பூர் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வளர்க்கிறோம். ஆறு நாள் கேட்டுக்குள் அடைத்து வைத்து, ஞாயிறன்று வெள்ளீயம் தோண்டிய பழைய குட்டைக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் பந்து வீசுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. விவரமறிந்த வேட்டைக்காரர் இதைச் செய்யமாட்டார்.

முதலில் எடை. விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் தீனியைக் குறையுங்கள். வெயில் ஏறுமுன் தினமும் இருபது நிமிட நடை, இரண்டு வாரம் கழித்து ஐந்து நிமிட நீச்சல், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கரை சரிவாக உள்ள இடத்தில் நாயைத் தானாக இறங்க விடுங்கள். தூக்கி எறிந்தால் தண்ணீர் என்றாலே மிரளும். ஈயக் குட்டைகளில் கரையை ஒட்டியே ஆழம் விழுவதால், களைத்த நாய் ஏற முடியாமல் தவிக்கும்.

பந்து வேண்டாம். அதைக் கவ்வ வாய் அகலத் திறக்கும்போது தண்ணீர் வயிற்றுக்குள் போகும். திரும்பத் திரும்ப விழுங்கினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, வயிறு உப்பல், தள்ளாட்டம் வரும், உயிருக்கே ஆபத்து. கான்வாஸ் துணியில் செய்த, சுமார் 450 கிராம் எடையுள்ள மெல்லிய 'டம்மி' (வீசிக் கவ்விவரப் பழக்கும் உருளை) போதும். உட்காரவைத்து, வீசி, அனுமதி கொடுத்த பிறகே ஓட விட வேண்டும். ஐந்தாறு முறையோடு, ஆசை தீருமுன் நிறுத்துங்கள். டம்மியை வைத்து நாயோடு இழுபறி விளையாடினால் கடித்துக் குதறும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், வேட்டை நாய்க்கு அது பெரிய குறை.

தண்ணீரில் இருப்பதால் சூடு ஏறாது என்று நினைக்காதீர்கள். நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 38 முதல் 39 பாகை செல்சியசுக்குள் இருக்கும். மூச்சிரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அது சரிவர நடக்காது. நாக்கு அகன்று தொங்கி, நடை தடுமாறினால் உடனே உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவிட்டு, பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைப்பது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

நீந்திய மறுநாள் வால் தொங்கிப்போய், தொட்டால் வலியில் கத்தினால் பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும். காது மடலுக்குள் ஈரம் நின்றால் புண் வரும், துடைத்து உலர்த்துங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கான தடுப்பூசி போடாத நாயைக் குட்டைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். முதலில் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கொன்று. அந்தக் காய்ச்சல் நாயிடமிருந்து வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்