அரிப்பு அல்லிராணி கோட்டை: சோளகத்துக்கு முன் செய்ய வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார் மாவட்டம் முசலிப் பிரதேசத்தில், அரிப்புக் கிராமத்துக்குத் தெற்கே, பற்றைக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மண்மேட்டில் ஆளற்று நிற்கும் பழைய மாளிகை குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். பயண நூல்கள் அதனை டொரிக் மாளிகை என்கின்றன. ஊரவர் வாயில் அது, கதைகளில் வரும் அல்லி என்ற ராணியின் பெயரால், அல்லிராணி கோட்டை. பெயர் எதுவானாலும், ஒவ்வொரு சோளகக் காற்றுக் காலத்திலும் (தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம்) அலை மேட்டின் அடியைக் குடைந்து செல்வதும், மேலே நிற்கும் சுவரோ தூணோ பிளந்து சரிவதும் கண்முன்னே நடந்துவருகின்றன.

1798 முதல் 1805 வரை இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை அருகிலிருந்து மேற்பார்வை செய்வதற்காக, 1801ஆம் ஆண்டளவில் தொடங்கி இதனைக் கட்டுவித்தார். அக்காலத்தில் இங்கு வாழ்ந்த ஸ்கொட்லாந்து மதகுரு ஜேம்ஸ் கோர்டினர், இத்தீவின் மிக அழகிய கட்டடம் என இதனைப் புகழ்ந்ததோடு, சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பூசிய சுவர்கள் சலவைக்கல் போல் பளபளத்ததையும் 1807இல் அச்சான தமது நூலில் குறித்திருக்கிறார். அவர் மிகைப்படுத்தவில்லை என்பதை இன்றும் விரலாலேயே அறியலாம். சென்ற முறை அங்கு போனபோது, விழுந்து கிடந்த சுவர்த்துண்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். மழை படாத அடிப்பக்கத்துப் பூச்சு சங்கின் உட்புறம் போல வழுவழுப்பாக இருந்தது. உடைந்த விளிம்பில் செங்கற்களுக்கு இடையே, வேகாமல் மிஞ்சிய சிப்பிச் சில்லுகள் வெள்ளையாகத் தெரிந்தன. கடற்பக்கம் பார்த்த செங்கற்களோ உப்புப் பொரிந்து, தொட்டதும் மாவாக உதிர்ந்தன.

அந்நிய ஆளுநர் ஒருவர் தமக்குக் கட்டிக்கொண்ட வீட்டை நாம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் சுண்ணாம்பு சுட்டவரும் செங்கல் அடுக்கியவரும் நோர்த் அல்லர். சலாபம் (முத்துக்குளிப்பு), கொட்டு (சிப்பிகளைக் குவிக்கும் அடைப்பு), கடல்கட்டி என்று ஒரு தொழிலுக்கே உரிய சொற்களை நமக்கு விட்டுச்சென்ற முத்துக்குளிப்பில், கரையில் எஞ்சிய கட்டடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது இது. சுறாவை மந்திரத்தால் வாய்கட்டும் கடல்கட்டி வந்து நின்றாலன்றிக் அக்காலக் குளியாளர் நீரில் இறங்கமாட்டார்கள் என்ற செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் இக்கரையில் எனக்குத் தெரியவில்லை.

அல்லிராணியின் பெயரையும் சிலர் பிழையென்று தள்ளுகிறார்கள். இருநூறு ஆண்டு சொச்சமே வயதான மாளிகையை அல்லி கட்டியிருக்க முடியாதுதான். ஆனால் இக்கரையோரத்தில் வழங்கிவரும் அவள் கதை, வெறுமையாகிவிட்ட ஒரு வீட்டைத் தனக்கு வசிப்பிடமாக்கிக்கொண்டது என்பதும் பதிய வேண்டிய செய்தியே. அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயரும் இருக்கட்டும், எது வரலாறு, எது வாய்மொழி என்ற தெளிவோடு.

பாதுகாப்பு என்றதும் சீமெந்துப் பையோடு வந்துவிடுகிற வழக்கம் நம்மிடையே இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும். சீமெந்து அதனை உள்ளே அடைத்துவிடும். உப்புக்காற்று வீசும் இடத்தில் அப்படி அடைபட்ட ஈரம் செங்கல்லுக்குள்ளேயே உப்பாக உறைந்து, ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய சுவரைப் பிளந்துவிடும். ஆகவே இங்கு நடைபெறும் எந்தத் திருத்தமும் சுண்ணாம்பைக் கையாளத் தெரிந்த கொத்தனாரைக் கொண்டே நடைபெற வேண்டும்.

கடலைத் தடுப்பது அதைவிடச் சிக்கலானது. தொல்பொருள்கள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், கரையோரம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் வருவதால், சுவர் ஒரு திணைக்களத்துக்கும் அதன் காலடி மண் இன்னொரு திணைக்களத்துக்கும் உரியனவாகின்றன. மேட்டின் அடியில் பாறாங்கற்களைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்போருக்கு ஒரு வார்த்தை: கல்லணை ஓரிடத்தில் மண்ணைப் பிடித்தால் அதன் பக்கத்துக் கரை அரிக்கப்படுவது இக்கடலோரத்தில் பலரும் பட்டறிந்த ஒன்று. கரைவலை இழுப்போரையும் கரையில் வாடி (மீனவர் குடில்) அமைத்திருப்போரையும் கேட்காமல் வரையப்படும் எந்தத் திட்டமும், மாளிகையைக் காக்கப் போய் அவர்களது இறங்குதுறையைக் கடலுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

மாளிகை முழுவதையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் நம்பவில்லை. எனவே கேட்பது சிறிதே. அடுத்த சோளகம் தொடங்குமுன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் மாணவர்களைக் கொண்டு எஞ்சியுள்ள ஒவ்வொரு சுவரையும் தூணையும் அளந்து வரைந்து, ட்ரோன் மூலம் படம்பிடித்து வைக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. விழுந்த தூண் துண்டுகளும் பூச்சுத் துண்டுகளும் அலையோடு போகுமுன் இலக்கமிட்டு எடுக்கப்பட்டு, அருகில் தனியாக உள்ள அரிப்புக் கோட்டையில் ஒரு கூரையின் கீழ் வைக்கப்பட வேண்டும். வெடித்து நிற்கும் சுவர்கள்மீது ஏறிப் படம் எடுப்போரைத் தடுக்க ஒரு வேலியும், பகலில் ஒரு காவலாளியும் உடனே தேவை. யாழ்ப்பாணக் கோட்டையின் புனரமைப்புக்கு நெதர்லாந்து அரசின் உதவி கிடைத்ததைப் போல, பிரித்தானிய ஆளுநர் கட்டிய இவ்வீட்டுக்குப் பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்திடம் கேட்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவற்றுக்காக இரு திணைக்களங்களையும் பிரதேச சபையையும் மீனவர் சங்கங்களையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் மன்னார் மாவட்டச் செயலகத்துக்கு இருக்கிறது. அக்கூட்டத்தை அலுவலகத்தில் வைக்காமல் அந்த மேட்டிலேயே, கடல் பெருகி நிற்கும் ஒரு பின்னேரத்தில் வைக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
முசலிப் பிரதேச வாசகர் ஒருவர்