ஷிஹோநாகேயைத் திரை பார்த்துப் பழக வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். காணொளி பார்த்தே ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை பாதிதான் சரி. நானும் என் மகளும் சேர்ந்து ஐகிடோ பழகுகிறோம். வகுப்பு இல்லாத நாட்களில் காணொளிதான் துணை. காலை நகர்த்தி உடலைத் திருப்பும் தென்கான், முழங்காலில் நடக்கும் ஷிக்கோ எல்லாம் தனியாகவே பழகலாம். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் இடுப்பு எப்போது திரும்புகிறது என்பதுகூடப் பிடிபடும்.

எதிராளியைத் தரையில் வீழ்த்தும் ஷிஹோநாகே அப்படியில்லை. எதிராளியின் கை முழங்கையில் மடங்கித் தோளுக்குப் பின்னால் போகும். அவர் மல்லாக்க விழுவார். தாடையை நெஞ்சோடு ஒட்டி விழத் தெரியாதவருக்குப் பின்மண்டை தரையில் மோதும். இதைப் போய் வீட்டில் தம்பியிடம் செய்து பார்ப்பதா? மொரிஹேய் உயேஷிபா உருவாக்கிய இந்தக் கலையில் ஒருவர் வீச, மற்றவர் விழ, மாறி மாறிப் பழகுவதே வழக்கம். பிடியின் அழுத்தம் திரையில் தெரியாது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்தால்தான் தெரிகிறது.

அடுத்த முறை எழுதும்போது, உக்கேமி எனப்படும் விழும் பயிற்சிக்கு முதலிடம் கொடுங்கள். அதையும் மெத்தை மேல், விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்