ஹைஸ்மன் கோப்பை வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வாக்காளர்களுக்கு,

வணக்கம். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அளவில் தலைசிறந்த வீரருக்கென 1935 முதல் வழங்கப்பட்டுவரும் ஹைஸ்மன் கோப்பை, பந்தை ஏந்துபவருக்கு வழி திறந்துவிடும் கார்டு, டேக்கிள் எனும் முன்வரிசைத் தடுப்பு வீரர் ஒருவருக்குக்கூட இதுவரை கிடைத்ததில்லை. அவர்களில் தகுதியானவர் இல்லாமையால் நேர்ந்ததன்று இது என்பதற்கு ஒர்லாண்டோ பேஸின் ஆட்டமே போதிய சான்று.

ஒஹாயோவின் சாண்டஸ்கி உயர்நிலைப் பள்ளியில் பெயர் பெற்ற பேஸ், 1994-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதலாண்டிலேயே லெஃப்ட் டேக்கிளாக, அதாவது இடப்புறத் தடுப்பாளராகக் களமிறங்கினார். தாக்குதலை வழிநடத்தும் வலக்கை குவார்ட்டர்பேக் ஒருவர் பந்தை எறிய நிற்கையில், அவர் பார்வைக்கு எட்டாத முதுகுப்புறத்தைக் காப்பது அந்த இடத்தில் நிற்பவரின் பொறுப்பு. தம் கடைசி இரண்டு பருவங்களில் பேஸ் தம்மைத் தாண்டி எவரும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்த இடம் கொடுக்கவில்லை. பந்தை எறியாமல் ஏந்தி ஓடும் ஆட்டத்திலோ, எதிராளியின் மார்பில் இரு கைகளையும் ஊன்றி, கால்களை ஓயவிடாமல் உந்தித் தள்ளி, அவரை மல்லாக்கச் சாய்த்துவிடுவார். ‘பான்கேக்’ என்ற அந்தத் தடுப்பு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1995-இல் ஒஹாயோ ஸ்டேட் அணியின் ஓட்ட வீரர் எடி ஜார்ஜ் பந்தை ஏந்தி 1,927 கெஜம் ஓடி உங்கள் கோப்பையை வென்றார். இல்லினாய் அணிக்கு எதிராக மட்டும் அவர் ஓடியது 314 கெஜம். அவருடைய தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் ஓடிய வழிகளில் பலவற்றைத் திறந்துவிட்டவர் பேஸ். அதே ஆண்டு, கல்லூரி முன்வரிசை வீரர்களைச் சிறப்பிக்கும் லொம்பார்டி விருதைப் பெற்ற பேஸ், 1996-இல் மீண்டும் அதை வென்றார். அவ்விருதை இருமுறை வென்றவர் அவர் ஒருவரே. சிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லாண்ட் விருதும் அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. நீங்களோ அவருக்கு நான்காம் இடம் அளித்தீர்கள். சில மாதங்களில், தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-இன் 1997 வீரர் தேர்வில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி நாட்டின் கல்லூரி வீரர்கள் அனைவருக்கும் முன்னதாக அவரை எடுத்துக்கொண்டது. 1973-இல் அதே பல்கலைக்கழகத்தின் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்து நின்றதும் உங்கள் பதிவேட்டில் உள்ளது.

ஓடிய கெஜமும், பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்க்கும் டச்டவுனும் தடுப்பாளரின் கணக்கில் ஏறுவதில்லை என்பதால், அவரை மதிப்பிட ஆட்டத்தைப் பார்த்தே ஆகவேண்டும். உங்கள் வாக்குச்சீட்டில் மூன்று பெயர்களுக்கு இடமுண்டு. அதை நிரப்புமுன், அந்தப் பருவத்தின் சிறந்த டேக்கிள் ஆடிய ஓர் ஆட்டத்தையேனும், பந்தின் பின்னே போகாமல் அவர்மீதே கண் வைத்து முழுமையாகப் பார்க்குமாறும், தகுதி கண்டால் அவர் பெயரை எழுதத் தயங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மிக்க மதிப்புடன்,
கல்லூரிக் கால்பந்து நேயர் ஒருவர்