ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லுங்கள்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2021 நவம்பர் 29 விடியற்காலையில் வேலூருக்கு மேற்கே பூமி அதிர்ந்தது. அளவு 3.6. டிசம்பரிலும் அதிர்வு வந்தபோது, பேரணாம்பட்டுப் பக்கம் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்து ஓய்ந்தன. அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான் தெருவையே தூங்க விடவில்லை: "இன்று இரவு பெரிய நிலநடுக்கம், செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிட்டது." மார்கழிப் பனியில், கைக்குழந்தையோடு இருந்த மருமகளையும் அழைத்துக்கொண்டு பெரியம்மா வாசலில் பாய் விரித்தார்.

செயற்கைக்கோள் ஆய்வு நடப்பது உண்மைதான். அதனால்தான் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். நிலநடுக்கத்தின் அறிகுறிகளை வானிலிருந்து தேடவே பிரான்ஸ் 2004-இல் டெமெட்டர் என்ற செயற்கைக்கோளையும், சீனா 2018-இல் ஜாங்ஹெங்-1 என்ற செயற்கைக்கோளையும் அனுப்பின. 2011-இல் ஜப்பானை உலுக்கிய 9 அளவு நிலநடுக்கத்துக்குச் சுமார் 40 நிமிடம் முன்பே, வானில் வெகு உயரத்தில், மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்கள் கூடியதாக ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கோசுகே ஹெகி எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் நிலையங்களின் பதிவு அவர் கையில் இருந்தது. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு பார்த்தது. அந்தக் கணக்கே சரியில்லை என்று மறுத்தவர்களும் உண்டு.

நம் ஊர் அதிர்வு அதற்கு எந்த மூலை? 9 அளவில் வெளிப்படும் ஆற்றல் 3.6-ஐப் போலப் பத்துக் கோடி மடங்குக்கும் மேல். போதாததற்கு, காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு, திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதனால் நம் தலைக்கு மேலே உள்ள அயனி மண்டலம் பொழுது சாய்ந்தால் தானாகவே அடிக்கடி கொந்தளிக்கும். சூரியப் புயல் வந்தாலும் மாறும். இதில் எது பூமிக்கடியிலிருந்து வந்த சேதி என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. ஆய்வு தொடரட்டும், எனக்கு அதில் ஆசைதான். ஆனால் இன்றைக்கு எந்தச் செயற்கைக்கோளும் நாளும் நேரமும் சொல்லாது.

அடுத்த முறை அதிர்ந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டோவில் மைக் கட்டி இதைத் தெருத்தெருவாகச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். எங்கே, எவ்வளவு அதிர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். தமிழிலும் உருதுவிலும்.

அப்புறம், மழைக்கு முன்னால் பொறியாளர் ஒருவரை அனுப்பி, மண் சாந்தில் கட்டிய பழைய வீடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியம்மா வீட்டுச் சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருக்கிறது. குழந்தையின் தூளி அதை ஒட்டித்தான் தொங்குகிறது.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு உறவுக்காரன் ஒருவன்