வண்டி அனுப்ப வேண்டாம், சேச்சி

சேச்சி,

உங்கள் மகன் போனில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை டெம்போ வரும், அம்மாவின் தொட்டிகளையெல்லாம் ஏற்றிவிடுங்கள் என்றார். சரி என்றுதான் சொன்னேன். ராத்திரி யோசித்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. வண்டி அனுப்ப வேண்டாம். தர மாட்டேன்.

வீட்டை விற்றது, சாவியை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுப் போனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. மருமகள் இதைப் படிப்பாள் என்று தெரியும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மதிலோரம் வைத்துவிட்டுப் போன தொட்டிகளில் ஒன்றுக்கும் பெயர் இல்லை. பாதியில் செடியே இல்லை, வெறும் மண். இத்தனை வருஷம் அடுத்தடுத்த வீடு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெயரெல்லாம் ஊரில் அலைந்து பொறுக்கியவை. ரப்பருக்குப் பால் வெட்ட வருகிற அண்ணன் ஒரு கொடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நெஞ்சு வடிவ இலை, சின்ன வெள்ளைப் பூ. நான் கம்பு நட்டு ஏற்றிவிட்டிருந்தேன். தோட்டங்களில் கூலி கொடுத்து அறுத்தெறிகிற களையாம் அது, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. எதன் மேல் ஏறினாலும் வெயில் படாமல் மூடிவிடும். பாறசாலைப் பக்கம் திருதராஷ்டிரப் பச்சை என்கிறார்கள். காற்றில் விதை பறந்து வந்து முளைத்திருக்கும். நீங்களே நட்டதென்றால் மன்னிக்கவும், எரித்துவிட்டேன்.

வெறும் மண் என்று நான் கொட்டப் போன தொட்டியில் இடவப்பாதி மழைக்கு, அதுதான் ஜூன் மழைக்கு, இரண்டு இலை தரையோடு படுத்து முளைத்தது. முக்குக்கடைப் பாட்டி இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டுக் கிழங்கைக் கிள்ளி மோந்து, கச்சோலம் என்றார்.

மற்றவற்றுக்குக் குழித்துறை வாத்தியார். தாவரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். போட்டோவைக் காட்டினால் கோபம் வரும், கொம்போடு கொண்டுவா என்பார். இலை எதிரெதிரா, மாறி மாறியா? கிள்ளினால் பால் வருதா? தண்டு உருண்டையா, நாலு பட்டையா? இத்தனையும் கேட்டுவிட்டுக் குடும்பத்தை மட்டும் சொல்வார், பெயர் அடுத்த நாள்தான். மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு செடிகளைப் பற்றிப் போட்ட ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. அதற்கு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் பெயரும் குணமும் சொல்லிக் கொடுத்தாராம். "தெரிஞ்சவங்க வாயைத் திறந்தாத்தான் புத்தகம்" என்றார் வாத்தியார். உங்களை நினைத்துக்கொண்டேன், நல்லவிதமாக அல்ல.

ஓரத் தொட்டியில் ஏறிய கொடியையும் அவர்தான் பார்த்தார். இலை நுனி சுருண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், மேந்தோன்னி என்றார். நம் மாநிலப் பூ, செங்காந்தள். பூவை எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறோம். கிழங்கை யார் பார்த்தார்கள்?

நான் பார்த்திருக்கிறேன் சேச்சி. உங்கள் முற்றத்தில், சாக்கு விரிப்பில்.

அன்றைக்கு நல்ல வெயில். தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தீர்கள். என் மகள் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கிணற்றடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். புறங்கையில் அடி விழுந்த சிவப்பு. சீனிக்கிழங்கு மாதிரி ஒன்று, நடுவில் வளைந்தது, தரையில் கிடந்தது. அதில் அவள் நகத்தால் சுரண்டிய தடம். "வாயில வச்சியா, வச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அவள் அழுதாளே தவிரப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "பிள்ளையப் பாத்துக்கத் தெரியாதா?" என்றீர்கள். நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், உங்கள் வீட்டார் படிப்பார்கள். அது என்ன என்று கேட்டேன். "கிழங்கு" என்றீர்கள். அவ்வளவுதான்.

கொல்கிசின் என்கிற நஞ்சாம். சீனிக்கிழங்கு என்று அவித்துத் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிர் செய்து மருந்துக்கு அனுப்புகிறார்கள். வாத்தியார் சொல்லிக்கொண்டே போனார், எனக்குக் கை நடுங்கியது. அந்த அடியை எத்தனை நாள் மனசில் வைத்திருந்தேன்! நீங்கள் அடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்த வார்த்தை உங்களை உறுத்திக்கொண்டிருந்தால், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் விஷம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேனே. என் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் அதை வளர்த்தீர்கள், பேரும் சொல்லாமல். அதை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அதனால்தான் பிடுங்க மனசில்லை போலிருக்கிறது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அதனால் மேந்தோன்னி மட்டும் உங்களுடையது. கொடி காய்ந்ததும் தோண்டி அனுப்புகிறேன். முளை நுனியில்தான் இருக்கும், ஒடிந்தால் வராது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானாமே, மேலே வையுங்கள்.

மற்றவை இங்கேயே இருக்கட்டும். பெயர் தேடினது நான், தண்ணீர் ஊற்றுவதும் நான். கம்பு வேண்டுமானால் வெட்டித் தருகிறேன்.

நீலத் தொட்டிதான் இன்னும் பாக்கி. எதிரெதிர் இலை, பால் இல்லை, தண்டு நாலு பட்டை, கசக்கினால் லேசாகக் கற்பூர வாசம். துளசிக் குடும்பம் என்பதோடு வாத்தியார் நிறுத்திவிட்டார், பூக்கட்டும் என்கிறார். பூக்கிற மாதிரி தெரியவில்லை. மருமகளிடம் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் போனை எடுங்கள்.