நூருவுக்கு, எதை முதலில் பூட்டுவது என்பது பற்றி

திருப்பூர்

அன்புள்ள நூரு,

நீ கோமளாவிடம் புலம்பி, அவள் பூச்சியிடம் சொல்லி, அவன் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு, "மதுரைக்காரி உம்மேல செம காண்டுல இருக்கா, முதல்ல எழுது" என்றான். எழுதுகிறேன் தாயே. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறார். பையன் பத்தாவது, அதனால் வீட்டில் டி.வி.க்குத் தடை உத்தரவு. சுந்தரி மேடம் ரிட்டயர்ட் ஆகிவிட்டாராம்.

ஆஸ்பத்திரியில் ஐ.டி.யோடு சேர்த்து செக்யூரிட்டியையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். அப்போதே எழுதியிருந்தால் ஃபயர்வால், ஆன்டிவைரஸ் என்று எல்லோரும் சொல்வதையே எழுதியிருப்பேன். இப்போது சொல்ல வேறு விஷயம் இருக்கிறது.

இங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பணம் போய்விட்டது. பெயர் வேண்டாம், பாவம். சீனாவிலிருந்து ஜிப் வாங்குகிறார்கள். வழக்கமாக வரும் அதே மெயில் தொடர்ச்சியில், "ஆடிட் நடப்பதால் இந்த முறை வேறு அக்கவுன்டுக்கு அனுப்பவும்" என்று ஒரு மெயில். முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருந்தது. அக்கவுன்ட்ஸில் அனுப்பிவிட்டார்கள். நிஜமான ஜிப்காரன் பணம் எங்கே என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் பண்ணும்போது பணம் எத்தனையோ கை மாறியிருந்தது.

ஊரெல்லாம் இதே பேச்சு. எங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா கற்பகம், நம்ம கம்பெனில இப்படி நடக்கக் கூடாது. எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல" என்றார். ஏ4 பேப்பரைத் திருப்பிப் போட்டு பின்பக்கமும் பிரின்ட் எடுக்கச் சொல்கிற மனுஷன்டி! நான் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். அந்த வாரமே ஒரு விற்பனையாளர் டை கட்டிக்கொண்டு வந்து, ஒரு பெட்டியை வாங்கி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று படம் போட்டுக் காட்டினார். விலையைக் கேட்டதும் 'எவ்வளவு செலவானாலும்' காற்றோடு போயிற்று. இன்னொரு பக்கம் ஆடிட்டர் சொன்னாரென்று ஒரு கன்சல்டன்ட் வந்தார். தடிமனான ரிப்போர்ட். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. கேன்டீன் வைஃபை பாஸ்வேர்டும் 'அதிக ஆபத்து', சம்பள சர்வரும் 'அதிக ஆபத்து'. எல்லோரையும் முதல் பந்தியிலேயே உட்கார வை என்றால் எங்கே போவது?

அந்த ரிப்போர்ட்டைக் குறை சொல்லவில்லை. எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. அது உள்ளே இருக்கிற நமக்குத்தான் தெரிய வேண்டும். நமக்கும் தெரியாது என்பதுதான் கூத்து. அதனால் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாகப் போனேன். ஒரே கேள்வி. "இந்த கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னா எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

பதில்கள் ஒவ்வொன்றும் என் கணக்கைக் கவிழ்த்தன. ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடுகிற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் நின்றால் உலகமே நின்றுவிடும் என்று மீட்டிங்கில் மேஜையைத் தட்டுகிற புரொடக்ஷன் மேனேஜர், தனியாகக் கேட்டால், "ரெண்டு நாள் சமாளிச்சுக்கலாம் மேடம், லைன் சூப்பர்வைசர் எல்லாம் நோட்டுலயும் எழுதுறாங்க" என்றார். ஷிப்பிங்கில் இருக்கிற பொண்ணுதான் பேயறைந்த மாதிரி பார்த்தாள். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கும் கட்-ஆஃப் இருக்கிற நாளில் பேக்கிங் லிஸ்ட்டும் இன்வாய்ஸும் ஈ-வே பில்லும் எடுக்க முடியவில்லையென்றால், அரை நாள் கூடத் தாங்காது. சரக்கு அடுத்த கப்பலுக்குப் போகும், இல்லையென்றால் பையர் ஏர்-ல் அனுப்பு என்பான். ஏர் செலவு யார் தலையில் விழும் என்று உனக்கே தெரியும். அவளுடைய கம்ப்யூட்டர் கன்சல்டன்ட் ரிப்போர்ட்டில் எங்கோ கடைசியில் இருந்தது.

சாயப்பட்டறைக்குப் போனதைச் சொல்லியே ஆக வேண்டும். லேப்பில், கலர் மேட்சிங் மிஷினுக்குப் பக்கத்தில், மேஜைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர். மேலெல்லாம் நீலமும் கருஞ்சிவப்பும் தெறித்து, ஹோலி ஆடிவிட்டு வந்தது மாதிரி. விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கு 2020 ஜனவரியோடு கைகழுவிவிட்டது. புதுசாக மாற்றலாமென்றால் மிஷின் சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஓடாது, மிஷினையே மாற்ற வேண்டும். பின்னால் ஒரு பென் டிரைவ் நிரந்தரமாகச் சொருகியிருக்கிறது. பாட்டுக் கேட்கவாம்.

"மாஸ்டர், இதுல என்ன இருக்கு?"

"ரெசிபிங்க."

"எந்த ரெசிபி?"

"எல்லாமுங்க. எந்த பையருக்கு எந்த ஷேடு, எந்தக் கம்பெனி சாயம், எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி. வருசக் கணக்கா சேர்ந்ததுங்க. ரிப்பீட் ஆர்டர் வந்தா இதுலதான் பாப்பேன்."

"காப்பி வேற எங்கயாவது இருக்கா?"

தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். மனுஷனுக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், நூரு.

திரும்ப லேப் டிப், அதாவது துண்டுத் துணியில் சாயம் போட்டுப் பார்ப்பதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஷேடையும் பிடித்து, பையரிடம் அப்ரூவல் வாங்கி… நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சம்பள விவரம் திருடு போனால் அவமானம், வழக்கு, சரி. இது போனால் தொழிலே போகும். அன்றைக்கே பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைத்தோம், ஒன்று கம்பெனிக்கு வெளியே. கம்ப்யூட்டரை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து கழற்றினோம். மாஸ்டருக்குப் பாட்டுக் கேட்க ஒரு எஃப்.எம். ரேடியோ வாங்கிக் கொடுத்தேன். மொத்தச் செலவு அந்தப் பெட்டிக்காரர் கேட்ட ஜி.எஸ்.டி.யில் ஒரு துளி கூட வராது.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெர்ஸ்க் கதை ஞாபகம் இருக்கிறதா? 2017 ஜூன் 27. உக்ரைனில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வழியாக நாட்பெட்யா என்ற வைரஸ் புகுந்து, உலகின் பெரிய கப்பல் கம்பெனியையே படுக்க வைத்தது. மும்பை நவா சேவா துறைமுகத்தில் அவர்கள் டெர்மினலும் முடங்கியது. சர்வர்களின் பிரதிகள் இருந்தன. ஆனால் யார் உள்ளே வரலாம், யாருக்கு என்ன அனுமதி என்று சொல்கிற டொமைன் கன்ட்ரோலர்கள் சுமார் 150ம் ஒன்றுக்கொன்று பிரதி. அதனால் எல்லாம் சேர்ந்து அழிந்தன. மிஞ்சியது கானாவில் இருந்த ஒன்றுதான். வைரஸ் பரவிய நேரம் பார்த்து அங்கே கரன்ட் கட், அதனால் அது தப்பியது. அந்த ஹார்ட் டிஸ்க்கை ஆள் மூலம் நைஜீரியா வரை கொண்டுபோய், அங்கே கை மாற்றி, இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டு சேர்த்தார்கள். பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர் புதிதாக நிறுவியதாக அவர்கள் சேர்மனே பிறகு சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். கரன்ட் கட் ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது என்றால் நம் மின்வாரியத்துக்குச் சிலையே வைக்கலாம்.

அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைச் சேகரிக்கிற ஈக்விஃபாக்ஸ் கம்பெனியின் கதை வேறு மாதிரி. அதே 2017 மார்ச்சில் ஒரு சாஃப்ட்வேர் ஓட்டையை அடைக்கிற பேட்ச் வந்தது. 400க்கும் மேற்பட்டவர்களுக்கு மெயில் போட்டார்கள், உடனே போடு என்று. அந்த சாஃப்ட்வேர் தங்களிடம் எங்கெல்லாம் ஓடுகிறது என்று சரியான கணக்கு இல்லாததால் ஒரு இடம் விட்டுப்போயிற்று. மே மாதம் அது வழியாக உள்ளே வந்தவர்கள் 76 நாள் இருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரத்தை எடுத்துப் போனார்கள். 'அவசரம்' என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினால் வேலை நடந்துவிட்டதாகத்தான் நாமும் நினைக்கிறோம், இல்லையா?

சரி, எங்கள் எம்.டி. பயந்த விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ் இருக்கிறதே, எல்லோரும் ரான்சம்வேர் ரான்சம்வேர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.க்கு 2023ல் வந்த புகார்களில், இந்த மாதிரி மெயில் ஏமாற்றில் போனது 290 கோடி டாலருக்கு மேல். ரான்சம்வேர் கணக்கு சுமார் 6 கோடிதான். தொழில் நின்ற நஷ்டமும், புகாரே கொடுக்காதவர்கள் கணக்கும் அதில் வராது, அதனால் ரான்சம்வேர் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் மெயில் ஏமாற்றைத் தடுக்க ஒரு பைசா செலவில்லை. மெயிலுக்கு இரண்டாம் கட்ட ஓ.டி.பி. போட்டாயிற்று. அதோடு ஒரே ஒரு விதி. யார் அக்கவுன்ட் நம்பரை மாற்றச் சொன்னாலும், பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிற போன் நம்பருக்கு நாமே கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசியவர் ஒருவர், பணம் அனுப்ப ஒப்புதல் தருகிறவர் இன்னொருவர். எம்.டி. அவசரம் என்று சொன்னாலும் விலக்கு கிடையாது.

இங்கேதான் சிக்கல். "நான் சொன்னாக்கூடவா?" என்றார்.

"நீங்க சொன்னாத்தான் சார் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. ஹாங்காங்கில் அரூப் என்ற பெரிய கட்டுமானப் பொறியியல் கம்பெனியின் ஊழியர், வீடியோ மீட்டிங்கில் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். திரையில் தெரிந்தது எல்லாம் கம்ப்யூட்டர் செய்த போலி முகங்கள். 2024ல் வெளியே வந்தது. அதைச் சொன்னேன். "என் குரல நம்ம பசங்களுக்குத் தெரியாதாம்மா?" என்கிறார்.

எனக்குத் தூக்கம் கெடுவது இதில்தான். எங்கள் அக்கவுன்ட்ஸில் ஒரு பொண்ணு இருக்கிறாள். இருபத்திரண்டு வயது, ஊத்துக்குளியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் எம்.டி. குரலில் ஒருவன் அதட்டினால், "திரும்பக் கூப்பிடறேன் சார்" என்று போனை வைக்க அவளுக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை நான் எந்தக் கடையில் வாங்குவது? மறுத்ததற்காக நாளைக்கு அவளைத் திட்ட மாட்டேன் என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் வரும். இன்னும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உனக்கு வருகிறேன். 2022 நவம்பர் 23ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கியதை மறந்திருக்க மாட்டாய். ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லாம் கையெழுத்தில் நடந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசு பார்லிமென்டில் சொன்னது. நீயும் நோட்டை எடுத்துக்கொண்டு வார்டு சிஸ்டர், லேப், ஃபார்மஸி, ரத்த வங்கி, பில்லிங் எல்லாரிடமும் தனித்தனியாகக் கேள். திங்கட்கிழமை காலை ஓ.பி. நேரத்தில் இது நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேள். உன் டைரக்டர் பில்லிங்தான் முதல் என்பார், எழுதி வைக்கிறேன். பில்லை நாளைக்குப் போடலாம், ரத்த குரூப்பை நாளைக்குப் பார்க்க முடியாது. அப்புறம், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் விதி 2022லிருந்து இருக்கிறது. சம்பவம் தெரிந்து 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் நடந்ததைப் பதிவு செய்கிற லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பொங்கல் லீவில் ராத்திரி இரண்டு மணிக்கு உங்களில் யார் அதைச் செய்வது? அந்தப் பெயரையும் போன் நம்பர்களையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு. சர்வரில் வைக்காதே.

மாதா மாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிற வேலையை விட்டுவிடு. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. திருட்டுப்போன சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றினால் போதும். உங்கள் ஆட்களும் கீபோர்டுக்கு அடியில்தானே எழுதி ஒட்டுகிறார்கள்?

முக்கியமாக, இந்த வருஷம் எதைச் செய்யப் போவதில்லை என்று ஒரு பக்கம் எழுது. நான் எழுதினேன். அந்தப் பெட்டி வேண்டாம், வெப்சைட்டை அடுத்த வருஷம் பார்க்கலாம், ஷோரூம் கேமரா அப்படியே இருக்கட்டும், அதனால் என்ன வரலாம் என்று நேராக எழுதி, கீழே எம்.டி. கையெழுத்துக்கு இடம் விட்டேன். படித்தார். "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு எம்மேல வராதா?" என்றார். "போடாட்டி எம்மேல வரும் சார்" என்றேன். சிரித்துவிட்டு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீ உன் டைரக்டரிடம் முதலில் வாங்கிவிட்டால், அந்தப் பேப்பரில் கையெழுத்து இருக்கிற பகுதியை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எங்கள் ஆளுக்கு விளக்கமெல்லாம் ஏறாது. அடுத்தவன் செய்துவிட்டான் என்று தெரிந்தால் அன்றைக்கே செய்துவிடுவார்.

உன்,
கற்பகம்